மாற்றியமைத்த பழைய கார்: வாங்கும் முன் இளைஞர் அறிய வேண்டுவன

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் ஒரகடத்தைச் சுற்றிலும், ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த நிலங்களில், இன்று மோட்டார் வாகனத் தொழில் வேரூன்றி நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார்களை உற்பத்தி செய்துவருகிறது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் கார் ஆலை 2010இலும், டைம்லர் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின. பல ஜில்லாக்களிலிருந்து ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து வந்து, ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, கம்பெனிப் பேருந்தில் ஷிப்டுக்குச் சென்று திரும்பும் வாலிபர்களுக்கு, தங்கள் கை வழியாக உருப்பெற்றுப் பிறர் வீட்டுக்குப் போகும் வாகனங்களைப் பார்த்துப் பார்த்து, தமக்கென ஒன்று, அதுவும் சாமானியமாக எவரிடமும் இல்லாத ஒன்று, வேண்டும் என்ற ஆசை பிறப்பது மிகவும் சகஜம்.

அந்த ஆசை வளர்வதற்கு இவ்வட்டாரத்தில் காரணங்களும் உண்டு. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நெடுங்காலம் நடத்திவந்த பந்தயங்களின் பாரம்பரியத்தை, 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தொடர்ந்து காத்துவருகிறது. ஐரோப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் இளைஞர் கைக்கு எட்டாதவை. அவற்றின் ஸ்தானத்தில் இங்கே நிற்பவை உத்தரபாராவில் பிறந்த கான்டெஸா, திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் தயாரித்த மிட்சுபிஷி லான்ஸர், மறைமலைநகரில் 1999இல் வெளிவந்த ஃபோர்டு ஐகானின் 1.6 ரகம், பழைய ஹோண்டா சிட்டியின் வி-டெக் ரகம் முதலியவை. இவற்றில் ஒன்றை வேறு இன்ஜின் ஏற்றியோ, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியோ, சைலன்சரைக் கழற்றிக் குழாய் பொருத்தியோ, அகன்ற சக்கரம் பூட்டியோ ஒருவர் விற்பனைக்கு வைத்தால், புதிய சிறு காருக்குக் கொடுக்கும் முன்பணத்தில் முழு வண்டியே கிடைத்துவிடுகிறதே என்று மனம் சபலப்படுகிறது. வாங்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு, சட்டத்தையும் உயிரையும் பணத்தையும் முன்னிறுத்தி விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் என்ன சொல்லுகிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் ஆதியில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் தம் வாகனத்தை மாற்றலாகாது என்று விதிக்கிறது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையையே வேறுபடுத்தும் அமைப்பு மாற்றம்தான் இங்கே மாற்றம் எனப்படுகிறது என்று அப்பிரிவின் விளக்கமே கூறுகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஜெயச்சந்திரா வழக்கில், உயர்நீதிமன்றத்தின் மாறுபட்ட முடிவை ரத்துசெய்து, 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இவ்விதியை ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்தியது. விலக்குகள் இல்லாமல் இல்லை: அங்கீகரிக்கப்பட்ட எரிவாயுக் கருவி பொருத்துவது, முன் அனுமதி பெற்று அதே வகை இன்ஜினை மாற்றுவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பது ஆகியவற்றுக்கு முறையான வழி உண்டு; அவ்வழியே செய்த மாற்றம் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். பதிவில் இல்லாத இன்ஜின் மாற்றம், அது எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் குற்றமே.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, அனுமதியின்றி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அதன் வாசகம் மாற்றம் செய்த உரிமையாளரைத்தான் குறிக்கிறது, நான் வாங்கியவன் மட்டுமே என்று வாதிட ஒருவருக்கு வழியிருக்கலாம். ஆயினும் அந்த வாதம் வண்டியைக் காப்பாற்றாது. பொது இடத்தில் ஓட்டினால் அபாயம் விளையும் நிலையில் உள்ள வாகனத்தின் பதிவை நிறுத்திவைக்க 53ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஒலி, புகை, பாதுகாப்பு விதிகளை மீறும் வண்டியை ஓட்டுபவருக்கு 190ஆம் பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கப்படலாம், லைசென்ஸும் மூன்று மாதம் பறிபோகும். ஆக, மாற்றியவர் பணத்தை வாங்கிக்கொண்டு அகன்றுவிட, மாற்றத்தின் பலன் முழுவதும் வாங்கியவர் தலையில் இறங்குகிறது.

இத்துடன் வயதுக் கணக்கும் சேர்கிறது. சொந்த உபயோகக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதிகாரி வண்டியை நேரில் சோதிப்பார், பசுமை வரியும் செலுத்த வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. சோதனை நாளன்று இன்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டால் புதுப்பிப்பு நிற்கும். புதுப்பிக்கப்படாத வண்டி சாலையில் கால்வைக்க அருகதையற்றது.

பழம்பெருமைக்குரிய வண்டி என்பதால் சட்டம் சலுகை காட்டும் என்று சில விற்பனையாளர்கள் சொல்லும் வார்த்தையை நம்பலாகாது. 2021 ஜூலையில் வெளியான விண்டேஜ் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்ததும், சேசிஸிலோ உடற்கூட்டிலோ இன்ஜினிலோ பெருமாற்றம் செய்யப்படாததுமான வாகனத்துக்கே பொருந்தும். அப்பதிவு பெற்ற வண்டியையும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டிச் செல்ல அனுமதி இல்லை. ஆகவே 2002ஆம் ஆண்டு லான்ஸருக்கு அந்த வாசல் திறக்காது. மாற்றியமைத்த கான்டெஸாவுக்கு என்றுமே திறக்காது.

உயிருக்கு உள்ள அபாயம்

ஒரு வண்டியைத் தயாரிப்பாளர் வடிவமைக்கும்போது, இன்ஜினின் வலிமை, பிரேக்கின் பிடி, ஸ்பிரிங்கின் விறைப்பு, டயரின் அகலம், உடற்கூட்டின் தாங்குதிறன் ஆகிய யாவும் ஒன்றையொன்று அனுசரித்தே நிர்ணயிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் பெருக்கி மற்றவற்றை இருந்தபடியே விட்டால் அந்த இசைவு குலைகிறது. நூறு குதிரைசக்தியைக் கருதிச் செய்த பிரேக்கை நூற்றைம்பது குதிரைசக்தியின் வேகத்தை அடக்கப் பணித்தால், சூடேறிய பிரேக் இறக்கத்தில் பிடிமானம் இழக்கும். வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் இறங்கி எழும்போது சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைக்காது. அகன்ற டயர் முழு ஸ்டியரிங் திருப்பத்தில் மட்கார்டில் உரசிக் கிழியும். தற்காலிகமாக இழுத்துவிட்ட ஒயரிங், பழைய பெட்ரோல் ரப்பர் குழாயின் அருகே பொறி கிளப்பினால் தீ மூளும். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கும் இல்லை, ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை, இந்தியாவில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான்.

கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் இரவு பகலாக ஊர்ந்து செல்ல, ஷிப்டு மாறும் வேளையில் தொழிலாளர்கள் சாலையைக் கூட்டமாகக் கடக்கும் இந்த வட்டாரத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நில்லாத ஒரு கார் யார்மீது மோதும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அது நம்மைப் போலவே டிபன் பாத்திரத்தைக் கையில் பிடித்து நடக்கும் ஒரு சக தொழிலாளியாகவே பெரும்பாலும் இருக்கும்.

இன்சூரன்ஸும் நஷ்ட ஈடும்

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இன்றி வண்டியைச் சாலையில் இறக்குவது 146ஆம் பிரிவுக்கு விரோதம். அது இல்லாத வண்டியால் ஒருவர் மாண்டால், மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை உரிமையாளரே கொடுக்க வேண்டும். இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கொண்டு கணக்கிடப்படும் அத்தொகை ஓர் இளைஞரின் பல ஆண்டுச் சம்பாத்தியத்தை விழுங்கக்கூடியது. இன்சூரன்ஸ் இருந்தாலும், மாற்றங்களைக் கம்பெனிக்கு அறிவிக்காமல் எடுத்த பாலிசியில், நம் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்பட இடமுண்டு. முந்தைய உரிமையாளர் பெயரிலேயே பாலிசி கிடந்தாலும் அதே கதிதான். எனவே கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிப்பது அவசியம்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் ஒன்று நம்மிடையே பரவலாக உண்டு. விற்பவர் பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் தேதியிடாமல் கையெழுத்திட்டுக் கொடுக்க, வாங்கியவர் அதை அப்படியே வைத்திருந்து அடுத்தவருக்கு விற்க, வண்டி மூன்று நான்கு கை மாறியும் ஆர்.சி.யில் முதல் பெயரே நிற்கும். இத்தகைய வழக்கு ஒன்றில், நவீன்குமார் எதிர் விஜய்குமார் என்பதில், 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வாங்கும்போது தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும், விற்கும்போது மாற்றம் முடிந்ததை நேரில் உறுதிசெய்துகொள்ளவும் இது ஒன்றே போதிய காரணம். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களிலும், வாங்குபவர் 30 நாட்களிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50ஆம் பிரிவின் விதி.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

இந்தத் தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் இளைஞருக்கு நான் விசேஷமாக நினைவூட்ட விரும்புவது ஒன்று உண்டு. ஒரு போல்ட்டை எத்தனை டார்க்கில் இறுக்க வேண்டும், அந்தப் பாகம் எந்தத் தொகுதியில் வந்தது, யார் பொருத்தினார், யார் சரிபார்த்தார் என்பதற்கெல்லாம் பதிவு இல்லாமல் ஒரு வண்டியும் அவர் நிற்கும் வரிசையைத் தாண்டிப் போவதில்லை. அதே ஒரகடத்தில் இயங்கும் வாகன ஆராய்ச்சி மையத்தில் மாதிரி வண்டிகள் பலவகைச் சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகின்றன. இத்தனை சிரத்தையைத் தம் கண்ணால் தினமும் காண்பவர், யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஷெட்டில், எந்தக் கணக்கும் பதிவும் இன்றி வெட்டி ஒட்டிய வண்டியில் தம் உயிரை ஒப்படைக்கலாமா? வேலையில் கற்ற அந்த ஒழுங்கையே வாங்கும்போதும் கைக்கொண்டால் பாதி அபாயம் விலகிவிடும்.

முதலில் காகிதம். எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணை இட்டு, பதிவுக் காலம், இன்சூரன்ஸ் தேதி, கடன் அடமானக் குறிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிலுவைச் சலான்களை இ-சலான் தளத்தில் தனியே பார்க்க வேண்டும். அடமானம் இருந்தால், அது நீங்கியதாகக் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35ஆம் படிவமின்றி ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் நேரில் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். எண் தேய்க்கப்பட்டோ மறுபடி குத்தப்பட்டோ இருந்தால், அது திருட்டு வண்டியாக இருக்கக்கூடும் என்பதால், விலை எத்தனை மலிவாயினும் அங்கேயே திரும்பிவிட வேண்டும். டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்ததிலிருந்து, அங்கிருந்து மலிவாகத் தெற்கே வரும் வண்டிகள் பல. அவற்றுக்கு அம்மாநிலத்து என்.ஓ.சி.யும், தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியும், 12 மாதங்களுக்கு மேல் இங்கே நிலைத்திருந்தால் புதிய பதிவெண்ணும் தேவை. இச்செலவைக் கூட்டிப் பார்த்த பிறகே விலை மலிவா என்று சொல்ல முடியும்.

அடுத்தது இயந்திரம். விற்பவரின் மெக்கானிக்கை அல்ல, நமக்கு நம்பகமான வேறொருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். வண்டிக்கு லட்சங்களைக் கொடுத்துவிட்டு இந்தக் கூலிக்குக் கணக்குப் பார்ப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதாகும். இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கம்ப்ரெஷன் சோதனை செய்விக்க வேண்டும். வண்டியை லிப்டில் ஏற்றி, அடிப்பாகத்தில் துரு, புதிய வெல்டிங், வெட்டிய ஸ்பிரிங் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சாதாரணக் காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று அறியலாம். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். உதிரி பாகம் கிடைக்குமா என்றும் விசாரிக்க வேண்டும்: திருவள்ளூரில் லான்ஸர் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகின்றன; ஃபோர்டும் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இத்தனை பழைய, மாற்றியமைத்த வண்டிக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. ஆகவே இளைஞர்கள் அதிக வட்டித் தனிநபர்க் கடனையோ, கைபேசிச் செயலிக் கடனையோ நாடுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாகவோ பயிற்சியாளராகவோ இருப்பவரின் வேலைக் காலம் முடிந்த பிறகும் தவணைக் காலம் முடிவதில்லை. கையிலுள்ள சேமிப்பில் வண்டி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முதலாண்டுப் பழுது ஆகிய அனைத்தும் அடங்காவிட்டால், அந்த வண்டி இன்னும் நம் தகுதிக்குள் வரவில்லை என்று கொள்வதே விவேகம்.

ஏமாற்றப்பட்டால் பரிகாரம்

விற்பவர் யார் என்பதைப் பொறுத்தே பரிகாரம் அமைகிறது. கார் கன்சல்டிங் நடத்துபவரைப் போலத் தொழிலாகவே விற்பவரிடம் வாங்கினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணைநிற்கும். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. விற்பவரின் ஊருக்கு அலையாமல், நாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். வழக்கின் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டால் பல தகராறுகள் சமரசமாகவே தீரும். 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவும், விற்பனைக்காகத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வண்டியை அறிவிக்கவும் கடமைப்பட்டவர். அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டும்படி கேட்பதற்கு வாங்குபவர் கூச்சப்பட வேண்டியதில்லை.

தம் சொந்தக் காரை ஒருமுறை விற்கும் தனிநபர்மீது நுகர்வோர் வழக்கு நிற்காது. அங்கே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும்தான் ஆதாரம். விற்கும் உரிமை தமக்கு உண்டு என்பது விற்பவர் சொல்லாமலே தரும் உறுதி. அது பொய்த்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உண்மையை வேண்டுமென்றே மறைத்து விற்றிருந்தால் ஒப்பந்தத்தை ரத்துசெய்யலாம். ஆனால் சாதாரண ஜாக்கிரதையால் கண்டறிந்திருக்கக்கூடிய குறையை, மௌனத்தால் மறைத்தார் என்று பின்னர் முறையிட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் விதிவிலக்கு குறுக்கே நிற்கும். முன்சொன்ன சோதனைகளைச் செய்வது சட்டத்தின் எதிர்பார்ப்பும் ஆகும் என்பது இதனால் விளங்கும். மோசடியே நடந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

எந்த வழியிலும் சாட்சியமே பலம். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்துவது, இன்ஜின் மாற்றப்பட்டுள்ளதா, விபத்து நேர்ந்ததா என்ற கேள்விகளுக்கு விடையை எழுத்தில் பெறுவது, விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் பாதுகாப்பது ஆகியவை பின்னால் பெருந்துணையாகும். இன்சூரன்ஸ் கம்பெனி கோரிக்கையை மறுத்தால், முதலில் அக்கம்பெனிக்கே எழுத்தில் முறையிட்டு, பரிகாரம் கிட்டாவிட்டால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தைக் கட்டணமின்றி அணுகலாம். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவியைக் கோரலாம்.

எந்த வழி செல்வது

பழைய இயந்திரத்தின்மீது பற்று வைப்பது குற்றமல்ல. தன் கையால் அதைப் பழுதுபார்த்துப் பழகும் இளைஞர், பள்ளிக்கூடம் கற்றுத்தராத பலவற்றைக் கற்றுக்கொள்கிறார். ஆகவே ஆசையைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. மாற்றப்படாத வண்டியைத் தேடும்படி சொல்கிறேன். தயாரிப்பாளர் கொடுத்த இன்ஜினும் பிரேக்கும் உள்ள பழைய கார், மெருகு குறைந்திருந்தாலும், பதிவு புதுப்பிக்கப்படும், இன்சூரன்ஸ் கிடைக்கும், உழைப்பைப் போட்டால் மதிப்பும் உயரும். ஏற்கெனவே மாற்றிய வண்டிதான் கிடைக்கிறது என்றால், மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால், பழைய பாகங்களை விற்பவர் தம் செலவில் திரும்பப் பொருத்தி, சோதனையில் தேறிய பிறகே பணம் என்று நிபந்தனை விதிக்க வேண்டும். அதற்கு அவர் இசையாவிட்டால் வாங்கலாகாது.

வேகமே நாட்டம் என்றால், அதற்கென அமைந்த பந்தயத் தடம் இருங்காட்டுக்கோட்டையிலேயே இருக்கிறது. லைசென்ஸ் பெற்று, ஹெல்மெட் அணிந்து, மருத்துவர் காத்திருக்க ஓட்டும் வேகம் அங்கே உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி சிறைக்குரிய குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோரும், அவன் குற்றம் இழைத்தால், 199ஏ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

வாகனம் செய்யும் கைகளுக்கு வாகனத்தின் உண்மையான மதிப்பு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வராமல், தம் முதல் காரை வாங்கும் அன்றும் துணைக்கு அழைத்துச் செல்லும் இளைஞர், காகிதமும் பிரேக்கும் நேராக இல்லாத எந்த வண்டியையும், அதன் ஓசை எத்தனை இனிமையாக இருந்தாலும், தயக்கமின்றி மறுத்துவிடுவார். அப்படி மறுக்கத் தெரிந்தவருக்கே, காலம் கனியும்போது, நல்ல வண்டி ஒன்றை மனநிம்மதியோடு ஓட்டும் பாக்கியம் வாய்க்கும்.